ஊக்கு விழும் சத்தம்

என் மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய மிஸ் பிரசவத்துக்குப் போயிருக்கிறார். மூன்று மாதத்துக்கு வேறு ஒரு மிஸ். போன திங்கட்கிழமை புறங்கையில் தங்க நிறத்தில் ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எதற்கு என்று கேட்டேன்.

"இன்னைக்கு முழுக்க நான் பேசவே இல்லைம்மா. புது மிஸ் குடுத்தாங்க."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவளை உட்கார வைத்து விசாரித்தேன். பேசாமல் இருந்தால் நட்சத்திரம் மட்டும்தானா, வேறு ஏதாவது உண்டா? மிஸ் நம் வீட்டைப் பற்றிக் கேட்டாரா? அப்பா என்ன பேசுவார், அம்மா என்ன பேசுவாள் என்று கேட்டாரா? நீ என்ன சொன்னாய்? யோசித்துச் சொல். அவள் மிரண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். என் கணவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "போலீஸ் ஸ்டேஷன்லகூட இதவிட மரியாதையா கேப்பாங்க" என்றார்.

அவருக்குத் தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்த லீவு வாத்தியாரைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை.

பெயரை அவர் முதல் நாளே சொன்னார். ஆனால் பெயருக்கு முன்னால் அத்தனை அடைமொழி போட்டதில், பெயர் எங்கே ஆரம்பித்தது என்று எங்களுக்குப் பிடிபடவில்லை. டீச்சர் மூன்று மாதம் லீவில் போனதால் வந்தவர். ஆகவே லீவு வாத்தியார்.

பாபநாசத்துக்கும் ஆற்றுக்கும் நடுவில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் ஒரு கூடமும் ஓர் அறையும். அறையில் ஹெட்மாஸ்டர் நாலாம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்க ரிஜிஸ்டர் எழுதுவார். கூடத்தில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் மொத்தமாக உட்கார்ந்திருக்கும். ஐம்பது பிள்ளைகளுக்குக் குறையாது. ஹெட்மாஸ்டர் எழுந்து வந்து பார்க்கிறவர் இல்லை. கூடத்திலிருந்து வரும் சத்தத்தை வைத்தே பாடம் நடக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வார். சத்தம் இருந்தால் பாடம் நடக்கவில்லை. இல்லையென்றால் நடக்கிறது. லீவு வாத்தியாருக்கு இதைப் புரிந்துகொள்ள அரை நாள்கூட ஆகவில்லை.

நாடு முழுக்க மேடை போட்டுப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. புதிய ஆட்சி வந்து சில வருஷம் ஆகியிருந்தது. டீக்கடையில் பாக்கி கேட்பவர்கூட மோனை வைத்துக் கேட்பார். லீவு வாத்தியாரும் முன்பு மேடையில் பேசியவர்தான் என்று ஹெட்மாஸ்டர் பிற்பாடு சொன்னார். தலைவர் வந்து சேரும்வரை கூட்டம் கலையாமல் இருக்க யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டுமே, அந்த யாராவது இவர். அங்கேயும் பதிலாள்தான். ஜனங்கள் கடலை உரித்துக்கொண்டு, "தலைவர் எப்பய்யா வருவாரு?" என்று கத்தும்போது இவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். பத்து ஊரில் அப்படி நின்றவருக்கு, தன் எதிரே ஒரு கூட்டம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஆசை வந்ததில் ஆச்சரியமில்லை. பாவம், அவருக்குக் கிடைத்த கூட்டம் நாங்கள்.

"என் அன்பிற்கும் பாசத்திற்கும் உரிய மாணவச் செல்வங்களே!" என்று ஆரம்பித்தார்.

"சார், ஒண்ணுக்கு" என்றான் ஒருவன்.

அவர் கண்டுகொள்ளவில்லை. "வகுப்பு என்பது என்ன? ஊக்கு விழுந்தால் ஓசை கேட்க வேண்டும். அதுவே வகுப்பு" என்றார். சொன்னதோடு விடவில்லை. ஜிப்பாவில் பொத்தான் இல்லாத இடத்தில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, கையை உயர்த்தி, கீழே போட்டார். கூடத்தில் பாதி சிமெண்டுத் தரை, பாதி பெயர்ந்து போன மண். ஊக்கு மண்ணில் விழுந்தது. ஓசை வரவில்லை. நெஞ்சு திறந்து கிடக்க, எங்களைப் பார்த்து முறைத்தார். மண் எங்கள் வீட்டுப் பிள்ளை என்பதுபோல.

மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த அலுமினியத் தட்டு ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஊக்கைப் போட்டார். டிங் என்றது. அன்றிலிருந்து மணிக்கு ஒரு தடவை டிங். அந்தச் சத்தம் கேட்காத அளவுக்கு நாங்கள் பேசியிருந்தால் சாயங்காலம் விளையாட்டுக் கிடையாது.

அவர் அடித்ததில்லை. அதை நான் சொல்லியே ஆக வேண்டும். பிரம்பைத் தொடவே மாட்டார். "அடித்து அடக்குபவன் ஆசான் அல்ல" என்பார். அவரிடம் பிரம்பைவிட நல்ல உத்திகள் இருந்தன. மூன்று மாதத்தில் ஐம்பது பெயரைப் படிப்பது வீண் வேலை என்று, உட்கார்ந்த இடத்தையே பெயராக்கினார். ஒருவன் ஜன்னல். ஒருவன் கதவு. ஒருத்தி பானை, குடிதண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பாவத்துக்கு. நான் தூண். "தூண் ஏன் பேசுகிறது?" என்பார். வகுப்பு சிரிக்கும். பிறகு சிரித்ததற்காகத் தண்டனை.

ஒரு விரல் காட்டினால் ஒன்றுக்கு, இரண்டு விரல் காட்டினால் இரண்டுக்கு. இது எல்லாப் பள்ளிக்கூடத்திலும் உண்டு. அவர் மூன்றாவது விரலையும் சேர்த்தார். பாடத்தில் சந்தேகம் என்றால் மூன்று விரல். யாரும் மூன்று விரல் காட்டி நான் பார்த்ததில்லை. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தான். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டிருந்தார். கூப்பிட்டால் சத்தமாகிவிடும். பையன் உட்கார்ந்த இடத்திலேயே போய்விட்டான். அவர் திரும்பிப் பார்த்தார். பையனை எழுப்பி நிறுத்தினார்.

"பாருங்கள் இவனை. வகுப்புக்கு இடையூறு இல்லாமல் முடித்திருக்கிறான். பாராட்டுகிறேன்!"

நாங்கள் கை தட்டினோம். கை தட்டலாம் என்று அவர் தலையசைத்த பிறகுதான்.

பள்ளி ஆய்வாளர் வந்த நாளும் இப்படித்தான். ஜீப்பிலிருந்து இறங்கியவர், "இன்னைக்கு லீவா?" என்று ஹெட்மாஸ்டரைக் கேட்டார். அவ்வளவு அமைதி. கூடத்துக்கு வந்து முதல் வரிசைப் பெண்ணிடம், "உன் பேரு என்னம்மா?" என்றார். அவள் வாத்தியாரைப் பார்த்தாள். அடுத்தவனைக் கேட்டார். அவனும் வாத்தியாரைப் பார்த்தான். ஐந்து பேரைக் கேட்டும் ஒரு பெயர்கூட வரவில்லை. ஆய்வாளர் நோட்டை வாங்கி, 'வகுப்பு ஒழுக்கம் மிக நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அந்த வரியைக் கொண்டுதான் லீவு வாத்தியாருக்கு நிரந்தர வேலை கிடைத்ததாகப் பின்னாளில் கேள்விப்பட்டேன். இப்போது குழந்தைகளை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்று ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைக்கிறார்களாம். அன்றைக்கு வைத்திருந்தால், பயிற்சி கொடுக்க இவரைத்தான் அழைத்திருப்பார்கள்.

எங்கள் வயலைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஊரில் முக்கால்வாசி நிலம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். அந்த வீட்டுக்காரரைப் பண்ணை என்றே சொல்வோம். அவருடைய ஏழு மா நிலத்தை, இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட இருக்கும், எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதது. கையில் ஒரு துண்டுச் சீட்டுக் கிடையாது. உழுகிறவன் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்று அப்போது சட்டம் வந்திருந்தது. பெயர் ஏறிவிட்டால் லேசில் வெளியேற்ற முடியாது. ஏறும் முன்பு பண்ணைக்குத் தெரிந்துவிட்டால், பெயரை ஏற்ற வயலே இருக்காது. பக்கத்து ஊர்களில் அப்படி நடந்திருந்தது. பண்ணையும் சும்மா இல்லை. ஆட்சி மாறிய மறு வருஷமே வேட்டிக் கரையை மாற்றிக்கொண்டு, ஊருக்கு வரும் தலைவர்களுக்கெல்லாம் தன் வீட்டில் இலை போட்டுக்கொண்டிருந்தார். ஏழைகளின் ஆட்சி என்று அவர் வீட்டு வாசலில்தான் முதலில் கொடி ஏறியது.

வெளியூர்க்காரரான லீவு வாத்தியார் தங்கியதும் அந்த வீட்டில்தான். களஞ்சியத்துக்குப் பக்கத்து அறை. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான்.

மூன்றாவது வாரத்தில் செய்தி ஆரம்பித்தது. அவருடைய உத்திகளில் ராஜா அதுதான். முந்தின நாள் முழுக்க வாய் திறக்காமல் இருந்த ஒருவர், மறுநாள் காலையில் ஸ்டூல் மேல் ஏறி, ரேடியோவில் வருவதுபோல ஊருக்குச் செய்தி வாசிக்கலாம். பேசுவதற்காகப் பேசாமல் இருக்க வேண்டும். அந்த ஸ்டூலுக்காக ஐம்பது பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"செய்தி என்றால் என்ன?" என்று விளக்கமும் சொன்னார். "வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. இது செய்தியா? இல்லை. எல்லோருக்கும் தெரியும். உங்கள் வீட்டுக்கு மட்டும் தெரிந்தது எதுவோ, அதுவே செய்தி!"

முதல் நாள் ஜன்னல் ஏறினான். "எங்கண்ணன் மெட்ராசுக்குப் போவல. கும்பகோணத்துல ஓட்டல்ல எச்சி எல எடுக்குது." மறுநாள் பானை. "எங்கப்பா கட்சி மாறிட்டாங்க. பழைய வேட்டிய அம்மா கரையக் கிழிச்சுப் போட்டுட்டுத் தம்பிக்குத் தூளி கட்டிட்டாங்க." இதையெல்லாம் அவர் முத்து முத்தான எழுத்தில் கரும்பலகையில் தலைப்பாக எழுதுவார். 'கட்சி மாறினார் கந்தசாமி. கரை கிழிந்தது, தூளி ஆனது.' எழுதி முடித்து இரண்டடி பின்னால் போய் நின்று பார்ப்பார். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். மேடையில் அவருக்குக் கிடைக்காத கைத்தட்டலை அந்தப் பலகை கொடுத்திருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரே சந்தோஷம். "எங்க வூட்டு வாலு இப்பல்லாம் சத்தமே போடறதில்லக்கா. பெரியவங்க பேசுனா மூலையில காதத் தீட்டிக்கிட்டு உக்காந்துக்குது" என்று ஒரு அம்மா குழாயடியில் பெருமையாகச் சொன்னதை நானே கேட்டேன்.

எனக்கு மட்டும் ஸ்டூல் கிடைக்கவில்லை. அந்தக் கூடத்திலேயே அதிகம் பேசுகிறவள் நான்தான். ஒவ்வொரு நாளும் மத்தியானத்துக்குள் தோற்றுவிடுவேன். கடைசியில் ஒரு திங்கட்கிழமை வாயில் புளியங்கொட்டை ஒன்றை ஒதுக்கிக்கொண்டு போனேன். பக்கத்துப் பெண் கிள்ளினாள். கத்தவில்லை. காலில் பலகை விழுந்தது. கத்தவில்லை. சாயங்காலம் அவர், "இன்று தூண் தூணாகவே இருந்தது. நாளைய செய்தி, தூண்!" என்று அறிவித்தார். நான் வீடு வரைக்கும் ஓடினேன்.

செய்தி என்னிடம் தயாராக இருந்தது. முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பாவுக்கு வயலுக்கு மோர் கொண்டுபோனேன். குறுவை நட்டு இருபது நாள் ஆகியிருந்தது. வரப்பில் அப்பாவோடு இன்னும் சிலர் குந்தியிருந்தார்கள்.

"வெள்ளிக்கிழம வெள்ளனா வண்டி கட்டிரணும். பன்னெண்டு பேரும் ஒண்ணா பாபநாசம் தாலுகா ஆபீசுக்குப் போயி, வயல நம்ம பேருக்குப் பதிய மனுவக் குடுத்துரணும். அதுவரைக்கும் மூச்சு விடக்கூடாது" என்றார் அப்பா.

"பாப்பா நிக்கிது" என்றார் ஒருவர்.

"அது கொழந்தைங்க. அதுக்கென்ன தெரியும்?"

செவ்வாய்க்கிழமை காலையில் ஸ்டூலில் ஏறினேன். ஐம்பது தலை கீழே தெரிந்தது. யாரும் மூச்சு விடவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஒரு சபை எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

"செய்திகள். வாசிப்பது ரெண்டாம் வகுப்புத் தூண். வெள்ளிக்கிழம வெள்ளனா எங்கப்பாவும் இன்னும் பதினோரு பேரும் வண்டி கட்டிக்கிட்டு பாபநாசம் போறாங்க. வயல அவங்க பேருக்குப் பதிஞ்சுக்க மனு குடுக்கப் போறாங்க. இது யாருக்கும் தெரியக் கூடாது. செய்திகள் முடிந்தன."

அந்தப் பதினோரு பேரில் நாலு பேருடைய பிள்ளைகள் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி எதையோ சொல்ல வாயைத் திறந்தாள். அவர் உதட்டில் விரலை வைத்தார். மூடிக்கொண்டாள்.

"அபாரம்!" என்று சாக்பீஸை எடுத்தார். 'வெள்ளியன்று விடியலில் பன்னிருவர் பாபநாசப் பயணம்.' எழுதி, பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். திரும்பப் போய் ஒரு புள்ளியைத் திருத்தினார்.

அவர் ஒற்றன் இல்லை. இத்தனை வருஷம் யோசித்ததில் எனக்கு அது நிச்சயம். ஒற்றனுக்குக் கொஞ்சமாவது தான் செய்வது என்னவென்று தெரிந்திருக்கும். இவர் சாப்பாடு போடுகிற வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அன்றைய தலைப்பைச் சொல்லிக் காட்டுவார். சிரிப்பார்கள். இன்னொரு கரண்டி நெய் விழும். அவ்வளவுதான் நடந்திருக்கும். சில சமயம், அவர் நிஜமான ஒற்றனாகவே இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றும். வெறுப்பதற்கு ஒரு முழு ஆள் கிடைத்திருப்பார்.

புதன்கிழமை சாயங்காலம் பண்ணையின் காரியஸ்தர் எங்கள் தெரு வழியே சைக்கிளில் வந்தார். எங்கள் வாசலில் ஒரு காலை ஊன்றி நின்றார். அப்பா மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தார்.

"என்னப்பா, பன்னிருவர் பாபநாசப் பயணமாமே? ஒரு வண்டி பத்துமா, பண்ணை டிராக்டர அனுப்பட்டுமா?"

அப்பா வாளியைக் கீழே வைத்தார். "என்னங்க சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் புரியலீங்களே."

"புரியாட்டிப் போவுது. டிராக்டரு வரும். அப்பப் புரியும்."

பன்னிருவர். எங்கள் ஊரில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள். பன்னெண்டு பேரு என்பார்கள். அந்த வார்த்தை எந்தப் பலகையிலிருந்து இறங்கி எந்த இலை வழியாக எங்கள் வாசலுக்கு வந்தது என்று அந்தத் தெருவில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு ஏழு வயது. நான் வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கே மனுவை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கலாம். அப்பாவுக்கும் அது தோன்றியிருக்கிறது. ஆனால் மனுவை எழுதி வைத்திருந்தவர் கும்பகோணம் போயிருந்தார். மறுநாள் மத்தியானம்தான் திரும்பினார்.

வியாழக்கிழமை காலை. வாத்தியார் தட்டைக் கவிழ்த்து ஊக்கைப் போட்டார். டிங். எங்கள் அமைதி அவ்வளவு சுத்தமாக இருந்ததால், அரை மைலுக்கு அப்பால் டிராக்டர் ஓடுவது கூடத்துக்குள் கேட்டது. சேறடிக்கிற இரும்புச் சக்கரம் மாட்டிய டிராக்டர். சேற்றில் அது புரளும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நடவு முடிந்த காலத்தில் அதற்கு என்ன வேலை என்பதும் தெரியும். அதற்கு நடுவே பெண்களின் குரல். அதில் ஒன்று என் அம்மாவுடையது.

வாத்தியார் முகம் சுளித்தார். "வெளிச்சத்தம் வகுப்பைக் கெடுக்கிறது. ஜன்னல், எழுந்திரு. ஜன்னலைச் சாத்து" என்றார்.

சாத்தினான். அவர் ஊக்கை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். திருப்தியாகத் தலையசைத்தார்.

ஏழு மாவும் சேறாகக் கிடந்தது. அங்கங்கே நாற்றின் நுனி மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்குள் பண்ணை ஆட்கள் புதிதாக நட ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கில் பண்ணையின் சொந்த சாகுபடி என்று ஏறிவிட்டது. வெள்ளிக்கிழமை வண்டி கட்டவில்லை. பன்னிரண்டு பேரில் வயல் போனது எங்களுக்கு மட்டும்தான். மற்ற பதினோரு பேருக்கு அதைப் பார்த்ததே போதுமானதாக இருந்தது. யார் சொன்னது என்ற கேள்வி மட்டும் மிச்சம். கூடத்தில் என் செய்தியைக் கேட்ட பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை, அவர்களும் வீட்டில் சொல்லவில்லை. "உன் மச்சான் பண்ணையிலதான தண்ணி பாய்ச்சறான்?" என்றார் ஒருவர். "உன் பொண்டாட்டி அங்கதான நெல்லு அவிக்கப் போறா?" என்றார் இன்னொருவர். ஒரு வாரத்தில் அந்தப் பன்னிரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். ஊரே லீவு வாத்தியாரின் வகுப்பு மாதிரி ஆகிவிட்டது.

அப்பா கடைசிவரைக்கும் சந்தேகப்பட்டது தன் கூட்டாளிகளைத்தான். நான் சொல்லவில்லை. முதலில் பயத்தில் சொல்லவில்லை. அப்புறம் காலம் கடந்துவிட்டதால் சொல்லவில்லை. அப்புறம் சொல்ல அப்பா இல்லை.

அந்த நாட்களில் நான் யாரிடமும் பேசவில்லை. வாய் திறந்தால் எது வெளியே வரும் என்று எனக்கே நிச்சயமில்லை. அம்மா, பிள்ளை எதையோ பார்த்துப் பயந்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டினாள். வகுப்பில் நாள் முழுக்க அசையாமல் உட்கார்ந்திருந்தேன். தொடர்ந்து மூன்று நாள் ஸ்டூல் எனக்கே வந்தது. ஏறி நின்றேன். செய்தி இல்லை. "பரவாயில்லை, அமர்க" என்றார் பெருந்தன்மையாக.

வயல் போய்ப் பதினோரு நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். பேராவூரணிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் வேலைக்குச் சொல்லியிருந்தார்கள். குடும்பத்தோடு போகிறோம். என் டி.சி. வேண்டும். ஹெட்மாஸ்டர் எழுதிக்கொண்டிருக்க, அப்பா வராந்தாவில் தூணில் சாய்ந்து நின்றார். நாலு நாளாகச் சவரம் செய்யாத முகம். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

லீவு வாத்தியார் கூடத்திலிருந்து வெளியே வந்தார். வயல் போனது அவருக்குத் தெரிந்திருக்கும். அதே வீட்டில்தானே சாப்பிடுகிறார். ஆனால் அவர் பேச வந்தது அதைப் பற்றியல்ல.

"இந்தப் பிள்ளையின் தகப்பனாரா நீங்கள்?"

"ஆமாங்க சார்."

"நான் வரும்போது இவள் எப்படி இருந்தாள் தெரியுமா? வாய் ஓயாது. வகுப்பையே கெடுத்துக்கொண்டிருந்தாள். இப்போது பாருங்கள், ஒரு வாரமாக ஒரு சொல் இல்லை. அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்பால் திருத்தியிருக்கிறேன்." என் தலையில் கையை வைத்தார். "புதுப் பள்ளியிலும் இதை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்."

அப்பா என்னைக் குனிந்து பார்த்தார். பத்து நாளாக அவர் முகத்தில் நான் பார்க்காத ஏதோ ஒன்று வந்தது. ஒரு நல்ல சொல் கேட்டு அவருக்கு வெகு நாள் ஆகியிருந்தது.

"ரொம்ப நன்றிங்க சார்" என்று கைகூப்பினார். "வீட்டுலயும் ஓயாம பேசிக்கிட்டே கெடக்கும். எங்களால முடியல. நீங்கதாங்க நல்லபடியா ஆக்குனீங்க."